சபைக்குப் போகாமல் வீட்டிலிருந்தே நல்ல கிறிஸ்தவராக வாழ முடியாதா?

சபைக்குள் நடக்கும் சண்டையும் புறங்கூறுதலும் மனதை நோகடிக்கின்றன, வீட்டிலேயே ஜெபித்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெபிக்கலாம், வேதம் வாசிக்கலாம், யூடியூபில் ஆராதனையும் பார்க்கலாம். ஆனால் மன்னிக்கவும் மன்னிப்புக் கேட்கவும் அங்கே ஆள் இல்லையே. அது இல்லாமல் ஒரு கிறிஸ்தவ வாழ்க்கை உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை. நோயாலும் முதுமையாலும் வீட்டோடு இருப்பவர்களைச் சொல்லவில்லை. மனக்கசப்பால் விலகுவதைத்தான் சொல்கிறேன்.

ஆதித் திருச்சபையில் எல்லாரும் ஒருமனமாக இருந்தார்கள், இப்போதுதான் எல்லாம் கெட்டுப்போச்சு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்திலேயே, அன்றாட விசாரிப்பில் எங்கள் விதவைகளை விட்டுவிடுகிறார்கள் என்று கிரேக்கு பேசிய விசுவாசிகள் முறுமுறுக்கிறார்கள். 15ஆம் அதிகாரத்தில், மாற்குவைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்பதில் பவுலும் பர்னபாவும் முட்டிக்கொண்டு பிரிந்தே போகிறார்கள். கொரிந்துவில் கர்த்தருடைய பந்திக்குக் கூடிவந்த இடத்தில் ஒருவன் பசியாயிருக்க, இன்னொருவன் வெறித்திருந்தான். பிலிப்பியில் எயோதியாளுக்கும் சிந்திகேயாளுக்கும் மனஸ்தாபம். சபை முழுவதும் கேட்கும் நிருபத்தில் பவுல் அந்த இரண்டு பெண்களையும் பெயர் சொல்லி ஒருமனப்படச் சொல்கிறார். அவர்கள் தன்னோடு சுவிசேஷத்துக்காகப் போராடியவர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுகிறார். சபை இப்படிப்பட்ட ஆட்களோடுதான் தொடங்கியது.

இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய உதவியாக இருந்தவர் ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர். ஹிட்லரின் ஆட்சி திருச்சபையைத் தன் கைக்குள் கொண்டுவரப் பார்த்தபோது, எதிர்த்து நின்ற சபைகளுக்காகப் போதகர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு 1935இல் அவரிடம் வந்தது. பால்டிக் கடலோரத்தில் தொடங்கிய அந்தச் செமினரி, சில வாரங்களில் ஸ்டெட்டின் நகரை அடுத்த ஃபிங்கன்வால்டவுக்கு மாறியது. அங்கே ஆசிரியரும் மாணவர்களும் ஒரே கூரையின் கீழ் ஜெபம், படிப்பு, சாப்பாடு எல்லாம் சேர்ந்தே செய்தார்கள்.

அங்கே அவர் வைத்த விதி ஒன்று உண்டு: ஒரு சகோதரன் இல்லாத இடத்தில் அவனைப் பற்றிப் பேசக் கூடாது. தவறிப் பேசிவிட்டால், பிறகு அவனிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். கேட்கும்போது எளிதாகத் தெரியும். நம் சேகரத்தில், அதாவது ஒரே ஆயரின் கீழுள்ள நம் சபைகளில், ஒரு வாரம் இதைக் கடைப்பிடித்தால் எத்தனை பேச்சு நின்றுபோகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும் பேச்சு, கமிட்டித் தேர்தல் சமயத்து வாட்ஸ்அப் செய்திகள், "ஜெபிக்கிறதுக்காகச் சொல்றேன் அக்கா" என்று ஆரம்பிக்கும் தொலைபேசி அழைப்பு, எல்லாமே. கடைசியாகச் சொன்னதுதான் என்னை அதிகம் வேதனைப்படுத்துவது, ஏனென்றால் அது ஜெபத்தின் பெயரில் நடக்கிறது.

தொடக்க நாட்களில் ஒருமுறை சமையலறையிலிருந்து பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். மாணவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. போன்ஹோஃபர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்க் கழுவ ஆரம்பித்தார். பிறகு ஓடிவந்தவர்களை உள்ளே விடாமல் கதவைத் தாழிட்டுக்கொண்டார். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனம் நடக்கும்போது இதை நினைத்துக்கொள்வேன். பந்தியில் உட்கார எல்லாரும் வருவார்கள். அண்டா கழுவும் இடத்தில்தான் யார் யாரோடு ஐக்கியமாக இருக்கிறார்கள் என்று தெரியும்.

1937இல் ஹிட்லரின் ரகசியக் காவல்துறையான கெஸ்டபோ அந்தச் செமினரியை மூடியது. 1945 ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள். வசதியான காலத்தில் வசதியான இடத்தில் இருந்துகொண்டு அவர் ஐக்கியத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பேருக்குள் வரும் மனக்கசப்பு வேறு, அநியாயம் வேறு. நெல்லைப் பக்கம் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவிலை 1872இல் கட்டியபோது, சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டாகப் பிரித்தே கட்டினார்கள். நடுவே இருந்த தடுப்பை எடுக்க ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆயின. எடுத்த பிறகு வழக்கும் நடந்தது. அத்தனை வருஷமும் "சகித்துக்கொள்ளுங்கள்" என்று அந்தப் பக்கம் உட்காரவைக்கப்பட்டவர்களிடம் சொல்லியிருந்தால் அது விசுவாசமா? அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, சாப்பிடுவதை விட்டுப் பேதுரு விலகியபோது, பவுல் எல்லார் முன்பாகவும் முகத்துக்கு நேரே எதிர்த்தார். சாதி, பணக் கையாடல், பெண்களிடம் தவறாக நடப்பது இவற்றில் பொறுமை காக்கச் சொல்லும் ஆலோசனையை நீங்கள் கேட்க வேண்டாம். அங்கே புகார் கொடுக்க வேண்டும், தேவைப்பட்டால் காவல்துறையிடமும். அப்படியொரு சபையை விட்டு இன்னொரு சபைக்குப் போவதில் குற்றமும் இல்லை.

உங்கள் கேள்வியைப் பார்த்தால், பிரச்சினை ஒரே குடும்பத்தோடுதான் என்று தெரிகிறது. மத்தேயு 18:15 சொல்கிறபடி முதலில் நீங்களும் அந்தக் குடும்பத்தில் உங்களோடு மனக்கசப்பு உள்ளவரும் தனியாகப் பேசுங்கள். போனில் வேண்டாம், வீட்டுக்கே போங்கள். கேட்கவில்லையென்றால் அடுத்த வசனத்தின்படி ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். இருவருக்கும் வேண்டிய பெரியவர் யாராவது இருந்தால் நல்லது. ஆயரிடம் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும். இதையெல்லாம் அடுத்த திருவிருந்துக்கு முன்பே செய்யப் பாருங்கள். தள்ளிப்போட்டால் அதற்குள் இன்னும் நான்கு பேர் காதுக்கு விஷயம் போய்விடும்.