குளிர் நாட்டில் கோழிக்கூடு: காற்றை அடைக்காதீர்கள்

கனடாவில் இருக்கும் உங்கள் தங்கை கோழி வளர்க்கப்போகிறார், நம் தோட்டத்துக் கூடு அந்தப் பனிக்குச் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நாங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் தகரமும் கம்பிவலையும் வைத்துக் கட்டுவது வெயிலுக்கும் மழைக்கும்தான், அங்கே அப்படியே கட்டினால் கோழி தாங்காது. அதற்காக எல்லாத் துவாரத்தையும் அடைத்துவிடவும் கூடாது, பலரும் தவறுவது இதில்தான். கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 டிகிரி. இறகைப் புடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் உலர்ந்த குளிரை நன்றாகவே தாங்கும். மூச்சிலும் எச்சத்திலும் வரும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கூட்டுக்குள்ளேயே தங்கினால்தான் கொண்டை நுனி உறைந்து கறுத்துப்போகும். அதனால் கூரைக்கு அடியில், கோழியின் தலைக்கு மேலே துவாரம் வைக்கச் சொல்லுங்கள், காற்று நேராக அதன்மேல் அடிக்காமல்.

அப்புறம் உட்காரும் கட்டை. இங்கே நாம் உருட்டுக் கம்பு போடுகிறோம். அங்கே நாலு அங்குல அகலப் பலகையைத் தட்டையாக வைத்தால் விரல்கள் வயிற்று இறகுக்குள் கதகதப்பாக மறைந்திருக்கும். தரையில் மரச்சீவல் அரையடிக்குக் குறையாமல். தண்ணீர் உறையும், அடிக்கடி மாற்ற வேண்டும். சூடேற்றும் விளக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்: தூசியும் இறகும் சீவலும் நிறைந்த இடம், விளக்கு தவறி விழுந்தால் கூடே எரிந்துவிடும்.