வாசகர் கேள்வி – பதில்: பரணிலிருந்து இறங்கிய ‘ஜெர்மன் தொப்பி’

காட்பாடி வாசகர் ஒருவர்: எங்கள் தாத்தா இரண்டாம் உலகப் போரின்போது மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் சேர்ந்து லிபியா வரை போனவர். சென்ற மாதம் பரணிலிருந்து இறக்கிய அவருடைய தகரப் பெட்டியில், காக்கித் துணி போர்த்திய பழைய தொப்பி ஒன்று கிடைத்தது. ஜெர்மன் சிப்பாயிடமிருந்து எடுத்து வந்தது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எடை மிகக் குறைவு. விளிம்பு கிழிந்த இடத்தில் தெர்மோகோல் போல வெள்ளையாக உதிர்கிறது. இது ஜெர்மன் தொப்பிதானா?

பதில்: ‘தெர்மோகோல் போல உதிர்கிறது’ என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. உதிர்வது நெட்டி. நீர்நிலைகளில் வளரும் செடியின் தண்டைச் சீவி எடுக்கும் அதே நெட்டியில்தான் தஞ்சாவூரில் கோயில் மாதிரிகள் செய்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்தில் துரைமார்கள் முதல் சர்வேயர்கள் வரை அணிந்த ‘சோலா தொப்பி’ இந்த நெட்டியால் ஆனது, இந்தியாவில் செய்யப்பட்டது. ஜெர்மன் தரைப்படை வெப்பமண்டலப் போர்முனைக்கு வழங்கிய தொப்பியில் நெட்டி இல்லை. அதன் முதல் வகை தக்கையால் வடிவமைத்து மேலே துணி ஒட்டியது. பின்னர் வந்த இரண்டாம் வகை, தையலே தெரியாமல் ஒரே அச்சில் அழுத்திய ஃபெல்ட். பிரிட்டிஷ் தொப்பியைச் சுற்றி மடிப்பு மடிப்பாகக் காணப்படும் தலைப்பாகைத் துணியும் அதில் இருக்காது. இரு பக்கங்களிலும் சிறிய உலோகக் கேடயச் சின்னங்கள் பொருத்தப்பட்டிருக்கும்: அணிந்தவரின் வலப்புறம் கறுப்பு, வெள்ளை, சிவப்புப் பட்டைகள், இடப்புறம் கழுகு. சின்னங்கள் தொலைந்திருந்தாலும், அவற்றின் ஊசிக்கால்களை உள்ளே மடக்கிய துளைகள் மறைவதில்லை. உங்கள் படத்தில் அத்தகைய துளை எதுவும் தென்படவில்லை.

ஆகவே தொப்பி ஜெர்மானியருடையது அன்று. ஆனால் தாத்தா சொன்னது பொய் என்று இதனால் ஆகிவிடாது. பெட்டியில் வேறு ஏதாவது இருந்து, காலப்போக்கில் கதை மட்டும் இந்தத் தொப்பியின் மேல் வந்து உட்கார்ந்திருக்கலாம். நான்காம் இந்தியக் காலாட்படைப் பிரிவோடு மதராஸ் சாப்பர்களும் வட ஆப்பிரிக்காவில் இருந்தார்கள். 1943 மே மாதம் தூனிசியாவில் ஜெர்மன், இத்தாலியப் படைகள் சரணடைந்தபோது பிடிபட்டவர்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேல். அத்தனை பேரின் உடைமைகள் குவிந்து கிடந்த இடத்திலிருந்து ஒரு பெல்ட்டையோ பித்தானையோ நினைவுக்காக எடுத்துக்கொள்ளாத சிப்பாய்தான் அரிது. பெட்டியை மீண்டும் ஒருமுறை நன்றாகத் தேடுங்கள். மணல்நிற நாடாவின் நடுவே சிவப்புப் பட்டையும் அதன் இருபுறம் கரும்நீலம், வெளிர்நீலக் கோடுகளும் உள்ள ஆறுமுனை நட்சத்திரப் பதக்கம் கிடைத்தால், அதுவே ஆப்பிரிக்கா ஸ்டார். 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரை அங்கே பணியாற்றியவர்களுக்கு உரியது. தொப்பியைவிட அந்தப் பதக்கமும் படைவிலகல் சான்றிதழும்தான் உங்கள் தாத்தாவைப் பற்றி உறுதியாகப் பேசும். (தலையில் அணிவதை அற்பமாக நினைக்க வேலூர்க்காரர்களுக்கு உரிமை இல்லை என்று நான் அடிக்கடி சொல்வதுண்டு, 1806 ஜூலை 10 அன்று நம் கோட்டையில் வெடித்த புரட்சிக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று, தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகைதானே!)

ராணிப்பேட்டை வாசகர் ஒருவர்: இணையம் வழியாக ‘ஆப்பிரிக்கா கோர்’ (இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் போரிட்ட ஜெர்மன் படை) துணித் தொப்பி ஒன்றை வாங்கினேன். உள்ளே சிவப்பு உட்துணி, 57 என்ற அளவு, 1941 என்ற முத்திரை எல்லாம் இருக்கின்றன. நன்றாக வெளுத்தும் இருக்கிறது. அசல் என்று நம்பலாமா?

பதில்: சிவப்பு உட்துணியும் முத்திரையும் போலி செய்பவர் முதலில் கற்றுக்கொள்ளும் பாடங்கள். அவற்றை விட்டுவிட்டு வெளுப்பைப் பாருங்கள்.

ஹாம்பர்க் நகரின் வெப்பமண்டல மருத்துவ நிறுவனத்தின் ஆலோசனையோடு 1940இல் உருவான இந்தப் பருத்திச் சீருடை, கிடங்கிலிருந்து வரும்போது ஆலிவ் பச்சை நிறத்தில் இருந்தது. பாலைவன வெயிலும் சலவையும் அதைக் காக்கியாக்கி, பிறகு ஏறக்குறைய வெண்மையாக்கின. வெளுத்த தொப்பி பழம்படைவீரனின் அடையாளம் என்று ஆகிவிட்டதால், புதிதாக வந்தவர்கள் தாங்களே தொப்பியை வெளுக்க வைத்துக்கொண்டதும் உண்டு. ஆனால் வெயில் வெளுப்பது வேறு, மருந்தில் முக்கி வெளுப்பது வேறு. வெயில் மேற்பரப்பைத்தான் தின்னும். தையலுக்குள் மடங்கிய துணியில் பழைய பச்சை அப்படியே இருக்கும். தொப்பியின் முன்விளிம்பு உடலோடு சேரும் மடிப்பை நகத்தால் மெல்ல விலக்கிப் பாருங்கள். மடிப்பின் உள்ளும் வெளியும் ஒரே நிறமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கத்தரி வெயிலில் பச்சைப் பருத்தித் துணி ஒன்றைத் தைத்து, மொட்டைமாடிக் கொடியில் இருபது நாள் போட்டுவைத்து இதை நானே சோதித்திருக்கிறேன். தையலைப் பிரித்தபோது உள்ளே விரல் அகலத்துக்குப் பச்சைக் கோடு ஓடியது.

இன்னொரு சாட்சியம் முன்பக்கத்தில் இருக்கும். வட்டச் சின்னத்தின் மேல் கவிழ்த்த ‘வி’ வடிவில் வண்ண நாடா ஒன்று தைத்திருப்பார்கள். காலாட்படைக்கு வெள்ளை, பீரங்கிப்படைக்குச் சிவப்பு, டாங்கிப் படைக்கு இளஞ்சிவப்பு, நம் சாப்பர்களுக்கு நிகரான பொறியாளர் படைக்குக் கறுப்பு. 1942இல் அந்த நாடாவை நீக்கச் சொல்லி ஆணை வந்தது. நாடா எடுக்கப்பட்ட தொப்பியில், அது மூடியிருந்த இடம் மட்டும் ‘வி’ வடிவில் கரும்பச்சையாக நிற்கும். இரு ஓரமும் ஊசித்துளைகள் வரிசையாகத் தெரியும். இதைப் போலியாகச் செய்ய ஒருவர் மிகவும் மெனக்கெட வேண்டும். கழுகுச் சின்னத்தையும் கவனியுங்கள்: தரைப்படைத் தொப்பியில் அது மணல்நிறத் துணிமேல் நீலச்சாம்பல் நூலால் தறியில் நெய்யப்பட்டது. உங்கள் படத்தில் பளிச்சென்ற வெள்ளை நூல் தெரிகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

புற ஊதா விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒளிர்வூட்டும் வேதிப்பொருள்கள் துணியிலும் சலவைத்தூளிலும் பரவலானது போருக்குப் பின்னர்தான் என்பதால், இருட்டில் நீலமாக ஒளிரும் நூலைக் கண்டால் சேகரிப்போர் முகம் சுளிப்பார்கள். ‘ஆப்பிரிக்கா’ என்ற எழுத்தின் இருபுறமும் பனைமரம் உள்ள கைப்பட்டி ஒன்றை, அதாவது 1943 ஜனவரியில் ஆறு மாதப் பணிக்கென்று நிறுவப்பட்ட விருதை, ஒரு வியாபாரியிடம் நல்ல விலை கொடுத்து வாங்கி வந்து, விளக்கை ஏற்றியதும் டியூப்லைட் போல எரிந்ததைப் பார்த்து வாயடைத்துப் போனவன் நான். ஆனாலும் அசல் தொப்பியை யாராவது இன்றைய சலவைத்தூளில் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். ஆதலால் ஒளிர்வதை மட்டும் கொண்டு தள்ளிவிடக் கூடாது. தையல் நூல் பாலியெஸ்டர் என்றால் மட்டும் வாதத்துக்கு இடமில்லை.

பேரணாம்பட்டு வாசகர் ஒருவர்: நான் தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். தக்கைத் தொப்பியின் உள்ளே உள்ள வியர்வைப் பட்டைத் தோலைப் பார்த்துக் காலத்தைச் சொல்ல முடியுமா?

பதில்: ஓரளவுக்கு மட்டுமே. பட்டையின் வெட்டுவாயில் நீலச்சாம்பல் தெரிந்தால் குரோம், பழுப்பாகவே இருந்தால் ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைப் பதனீடு என்பது எங்களைவிட உங்களுக்குத் தெரியும். ஆனால் குரோம் முறை 1880களிலேயே வந்துவிட்டது. அதனால் நீலம் தெரிந்ததும் ‘புதியது’ என்று சொல்லிவிட முடியாது. பாலைவனத்தில் தோல் காய்ந்து வெடிக்கும் என்பதால் ஜெர்மானியர் பெல்ட்டையும் வார்களையும் பருத்தி நாடாவில் நெய்தார்கள் என்பது உங்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கலாம்.

ஆம்பூர் வாசகர் ஒருவர்: நேதாஜியின் படையினர் இந்த ஜெர்மன் சீருடையை அணிந்தார்களா?

பதில்: ஆம். வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியக் கைதிகளைக் கொண்டு ஜெர்மனியில் உருவான படையணி, குளிர்காலத்தில் சாம்பல்பச்சைச் சீருடையும் கோடையில் வெப்பமண்டலச் சீருடையும் அணிந்தது. கையில், மூவண்ணத்தின்மேல் பாயும் புலியும் ‘சுதந்திர இந்தியா’ என்று பொருள்படும் ஜெர்மன் எழுத்தும் கொண்ட சின்னம் இருந்தது. அந்தச் சின்னத்தின் போலிகள் ஏராளம். இந்தியர்கள் உணர்ச்சிவசப்பட்டு வாங்குவார்கள் என்பது விற்பவர்களுக்குத் தெரியும்.

ஆற்காடு வாசகி ஒருவர்: பழைய சீருடைச் சட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. துவைத்து இஸ்திரி போட்டு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரே சலவையில் முத்திரை மையும், மடிப்புக்குள் உள்ள பழைய நிறமும், ஒருவேளை மணல் துகளும் போய்விடும். வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டுவதும் வேண்டாம். நம் ஊர் வெளிச்சம் மிச்சப் பச்சையையும் எடுத்துவிடும். கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டியில் தளர்வாகச் சுற்றி, மடிப்பு விழும் இடங்களில் அதே துணியைச் சுருட்டி வைத்து, மர அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். அந்துருண்டை துணியைத் தொடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழை நின்ற பிறகு ஒருநாள் நிழலில் காற்றாட விரித்துப் போடுங்கள். யாரிடமிருந்து, எப்போது, என்ன சொல்லிக் கைக்கு வந்தது என்பதை ஒரு தாளில் பென்சிலால் எழுதிச் சட்டையோடு வையுங்கள். பேனா மை ஈரத்தில் கசியும்.