கட்டிலிலிருந்து விழுந்துவிட்டான் டாக்டர், ஸ்கேன் எடுக்கணுமா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது மாதம் ஆகப் போகிறது. முந்தாநாள் காலை அவனைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, பால் பொங்குகிறதே என்று அடுப்படிக்கு ஓடினேன். திரும்புவதற்குள் உருண்டு மொசைக் தரையில் விழுந்துவிட்டான். கட்டில் இரண்டடி உயரம் இருக்கும். உடனே வீறிட்டு அழுதான், நெற்றியில் எலுமிச்சம்பழம் போல வீங்கிவிட்டது. பத்து நிமிடத்தில் பால் குடித்தான். இப்போதும் எப்போதும் போலத் தவழ்கிறான், சிரிக்கிறான். அன்று ராத்திரி பயத்தில் அவனைத் தூங்கவே விடவில்லை. இன்று வீக்கம் இருக்கும் பக்கத்துக் கண் இமை நீலமாக இருக்கிறது. ஸ்கேன் தேவையா? பக்கத்து வீட்டுப் பாட்டி உரம் எடுக்கச் சொல்கிறார். அடுத்த வாரம் தடுப்பூசி, போடலாமா? மாமியாரிடம் உட்கார்ந்தபடி சாய்ந்துவிட்டான் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.
வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: முதலில் உங்கள் மனசு ஆறட்டும் அம்மா. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் பையனுக்கு ஸ்கேன் தேவையில்லை. விழுந்தவுடன் வீறிட்டு அழுதான் என்றால் நினைவு தப்பவில்லை என்று அர்த்தம், பத்து நிமிடத்தில் பால் குடித்ததும் இரண்டு நாளாக ஓடியாடி இருப்பதும் எந்த ஸ்கேனையும் விட எனக்கு அதிகம் சொல்கின்றன.

வீக்கத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் நடுங்கிப் போகிறார்கள். நெற்றியில் தோலுக்கு அடியிலேயே எலும்பு, நடுவில் சதை குறைவு, ரத்தக் குழாய்கள் ஏராளம், அதனால் லேசாக இடித்தாலும் கசிகிற ரத்தம் வெளிப்பக்கமாகப் புடைத்துக்கொண்டு வருகிறது. அது மண்டை ஓட்டுக்கு வெளியே நடக்கிற விஷயம். இமை நீலமானதும் அதனால்தான், நெற்றியில் கட்டிய ரத்தம் மெல்லக் கீழே இறங்குகிறது, அப்புறம் பச்சையாகி மஞ்சளாகி பத்துப் பதினைந்து நாளில் போய்விடும். ஆனால் நெற்றியில் வீக்கமே இல்லாமல் இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்தால் அது வேறு, அதற்கு உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

குழந்தை விழுந்துவிட்டது என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது மூன்றுதான்: எவ்வளவு உயரம், தலையில் எந்த இடம், விழுந்த பிறகு பிள்ளை எப்படி இருக்கிறது. அமெரிக்காவில் தலையில் அடிபட்ட 42,000-க்கும் அதிகமான குழந்தைகளைக் கவனித்து 2009-இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. யாருக்கு ஸ்கேன் வேண்டாம் என்று முடிவு செய்ய இன்றும் பல நாட்டு மருத்துவர்கள் அதன் விதிகளைத்தான் பின்பற்றுகிறார்கள். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் மூன்றடிக்கு மேலிருந்து விழுந்ததா, தலையின் பக்கவாட்டிலோ பின்புறமோ வீக்கம் இருக்கிறதா, ஐந்து நொடியாவது நினைவு தப்பியதா என்று அதில் வரிசையாக வரும். அந்த வரிசையில் "பிள்ளை வழக்கம் போல இல்லை என்று பெற்றவர் சொல்கிறாரா" என்பதும் ஒன்று. நீங்கள் சொல்கிற வார்த்தைக்கு மருத்துவத்தில் அவ்வளவு மதிப்பு இருக்கிறது. சிடி ஸ்கேன் என்பது கதிர்வீச்சு, அசையாமல் இருக்கச் சில குழந்தைகளுக்கு மயக்க மருந்தும் தர வேண்டியிருக்கும், அதனால் சந்தேகம் இருந்தாலும் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் கவனித்துவிட்டுத்தான் முடிவு செய்வோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு அம்மா பதறிக்கொண்டு வந்தார், அவருக்குக் கை நடுங்குகிறது, பேச்சு வரவில்லை. மடியில் இருந்த பத்து மாதப் பெண்ணோ நெற்றியில் பெரிய புடைப்போடு என் ஸ்டெதஸ்கோப் குழாயை இழுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். சாவிக்கொத்தை இடது பக்கம் ஆட்டினேன், பார்த்தாள். வலது பக்கம் கொண்டு போனேன், குழாயை விட்டுவிட்டுக் கையை நீட்டிச் சாவியைப் பிடுங்கினாள். இரண்டு கையும் ஒரே மாதிரி வேலை செய்கிறது, பார்வை தொடர்கிறது, ஆசை இருக்கிறது, உச்சிக்குழி தட்டையாக இருக்கிறது. பரிசோதனையில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது. இதை நீங்களும் வீட்டில் செய்யலாம்.

இப்போது மாமியாரிடம் சொன்னதைப் பற்றி. இதைத்தான் நான் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும். "உட்கார்ந்தபடி சாய்ந்துவிட்டான்" என்ற வாக்கியத்தை நான் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். பாட்டியோ கணவரோ பக்கத்தில் நிற்கும்போது அம்மா அப்படிச் சொல்வார், அவர்கள் மருந்து வாங்க வெளியே போனதும் குரலைத் தாழ்த்தி "மாடிப்படியிலிருந்து டாக்டர்" என்பார். ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்வதே முழு நாள் வேலை, அதோடு அடுப்பும் துணியும் ஒரே ஆள் தலையில் விழும்போது பிள்ளை ஒருநாள் உருளத்தான் செய்யும், அதற்காகப் பெற்றவளைத் திட்டும் வீட்டில் அடுத்த முறை விழுந்தால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். உயரத்தைக் குறைத்துச் சொன்னால் நான் தப்பான முடிவு எடுப்பேன். உங்கள் பையன் விஷயத்தில் நல்லவேளை, இரண்டடியும் நெற்றியும் சேர்ந்து ஆபத்தில்லாத கணக்கு. இன்றைக்கே மாமியாரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள், இந்தப் பக்கத்தையே காட்டினாலும் சரி. அவரும் கூட இருந்து கவனித்தால் உங்களுக்குப் பாதி பாரம் குறையும்.

தூக்கத்துக்கு வருவோம். அழுது களைத்த குழந்தை தூங்கத்தான் செய்யும், அதை உலுக்கி உலுக்கி எழுப்பி வைத்தால் சோர்வினால் அழுகிறதா அடியினால் அழுகிறதா என்று யாருக்கும் தெரியாமல் போகும். விழுந்து ஒரு மணி நேரம் சரியாக இருந்தால் தூங்க விடலாம். முதல் ராத்திரி ஒன்றிரண்டு தடவை தொட்டுப் பாருங்கள், மூச்சு சீராக இருந்து, தொட்டதும் சிணுங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும்.

உரம் எடுப்பது வேண்டவே வேண்டாம். பாட்டியின் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை, திருஷ்டி சுற்றிப் போடட்டும், தரையை இரண்டு அடி அடித்துப் பேரனைச் சிரிக்க வைக்கட்டும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் புடவையில் போட்டு உருட்டுவதும் தலைகீழாகப் பிடிப்பதும் அடிபட்ட தலைக்கும் கழுத்துக்கும் ஆபத்து. சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பத்துப் போடாதீர்கள், பிஞ்சுத் தோல் புண்ணாகிவிடும். எண்ணெய் வைத்து வீக்கத்தை நீவவும் வேண்டாம். விழுந்தவுடன் ஐஸ் கட்டியை மெல்லிய துண்டில் சுற்றிப் பத்து நிமிடம் ஒற்றினால் போதும், பிள்ளை விடாவிட்டால் விட்டு விட்டு ஒற்றலாம். வலிக்குப் பாரசிட்டமால் தரலாம், ஆனால் சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே வீரியம் கிடையாது, எடைக்கு எவ்வளவு என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு பாட்டிலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது ஓட வேண்டும் என்றால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டால், வலிப்பு வந்தால், ஒரு கையோ காலோ அசையாவிட்டால், காதிலோ மூக்கிலோ தண்ணீர் போலவோ ரத்தமோ வழிந்தால், அழாமல் உட்கார்ந்திருக்கும்போதே உச்சிக்குழி புடைத்திருந்தால், காதுக்கு மேலேயோ பின்மண்டையிலோ கொழகொழவென்று வீக்கம் வந்தால், எதுவுமே இல்லாமல் "இவன் இவனாக இல்லை" என்று உங்களுக்குத் தோன்றினால் கூட, ராத்திரி என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது, புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கோரிமேட்டில் ஜிப்மர். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தை எவ்வளவு லேசாக விழுந்திருந்தாலும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

இனிமேல் பகலில் அவனைப் படுக்க வைக்கக் கட்டில் வேண்டாம், தரையில் கோரைப்பாய் விரித்து மேலே ஒரு ஜமுக்காளம் போடுங்கள், அங்கிருந்து உருண்டால் எங்கே போய்விடப் போகிறான். சக்கரம் வைத்த வட்ட வாக்கர் யாராவது பரிசாகக் கொண்டு வந்தால் பரணில் போட்டுவிடுங்கள். அதனால் நடை சீக்கிரம் வருவதில்லை, படியில் உருண்டு விழுந்தவர்கள் ஏராளம், கனடாவில் 2004-இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீர்கள், நெற்றி வீக்கத்துக்கும் தட்டம்மை ரூபெல்லா ஊசிக்கும் சம்பந்தமில்லை. அதற்குள் நீலம் மஞ்சளாகத் திரும்பியிருக்கும், செவிலியர் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்பார், கட்டிலிலிருந்து விழுந்தான் என்றே சொல்லுங்கள்.