மாவு புளிப்பதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

அன்புள்ள அம்மா,

பலதுறைத் தொழிற்கல்லூரியில் உணவு அறிவியல்தான் படிப்பேன் என்று மகள் ஒற்றைக் காலில் நிற்பதாகவும், மாவு புளிப்பதைப் படித்து என்ன சம்பாதிக்கப் போகிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் அவள் சொல்லும், மாவையும் தயிரையும் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா விஷயத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இட்லி மாவு பொங்குவதில் லியூகோனோஸ்டாக் மெசன்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. நுண்ணோக்கியில் பார்த்து இதுதான் அது என்று சொல்லிவிட முடியாது. பல இனங்கள் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். ஆகவே மாவைக் கரைத்து, இந்த வகை பாக்டீரியாவுக்கான ஊட்டம் நிறைந்த எம்ஆர்எஸ் வளர்ப்புத் தட்டில் பூசுவார்கள். அதில் பாக்டீரியா பெருகி முளைக்கும் வெண்புள்ளிகளில் ஒன்றைத் தொட்டெடுத்து, டிஎன்ஏவைப் பிரித்து, எல்லாப் பாக்டீரியாவிலும் இருக்கும் 16எஸ் என்ற மரபணுவை, டிஎன்ஏவின் ஒரு பகுதியை மட்டும் பல பிரதிகளாக்கும் பிசிஆர் முறையில் பெருக்குவார்கள். சுமார் 1,500 எழுத்து நீளமுள்ள அந்த வரிசையைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டால் பெயர் கிடைக்கும்.

அதையெல்லாம் இயந்திரமே செய்துவிடாதா என்கிறீர்கள். வரிசையைப் படிப்பதுதான் இயந்திரம். லாக்டிக் அமில பாக்டீரியாவில் பிளான்டாரம், பென்டோசஸ் என்ற இரு இனங்களுக்கும் 16எஸ் வரிசை ஏறக்குறைய ஒன்றே. ரெக்ஏ போன்ற வேறொரு மரபணுவையும் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். 2020இல், இவ்விரண்டும் அடங்கியிருந்த லாக்டோபேசில்லஸ் என்ற பெருங்குழுவையே (பேரினம்) 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டதால், பழைய அறிக்கையில் ஒரு பெயர், புதியதில் வேறு பெயர். போதாக்குறைக்கு, செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏவும் சோதனையில் அகப்படும். தயிர்ப் பானத்தில் உயிரோடு இருப்பவை எத்தனை என்று கேட்டால், மறுபடியும் தட்டில் வளர்த்து எண்ண வேண்டியதுதான். எதை நம்புவது, எதை மறுபடி சோதிப்பது என்று முடிவெடுக்க ஆள் வேண்டும்.

சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. உணவுச் சோதனைக்கு இங்கே வேலை இல்லாமல் போகாது. பிசிஆர் பழகிய கைக்கு மருத்துவச் சோதனைக்கூடத்திலும் மதிப்புண்டு. ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன்: பட்டயத்தோடு போனால் முதலில் கிடைப்பது பெரும்பாலும் தரக்கட்டுப்பாட்டு வேலை. நாள் முழுக்க, திரவத்தை அளந்தெடுக்கும் பிப்பெட்டும் கையுமாக நிற்க வேண்டும். ஆராய்ச்சிதான் ஆசை என்றால் பட்டப்படிப்பும் தேவை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உணவு அறிவியல், தொழில்நுட்பத்துக்கென்றே துறை இருக்கிறது.

கல்லூரியின் பொது வரவேற்பு நாளில் கட்டடத்தைப் பார்த்து மயங்காமல் இரண்டு கேள்வி கேளுங்கள். வேலைப்பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள்? மரபணு வரிசையை மாணவர்களே உட்கார்ந்து அலசுகிறார்களா, வெளியே அனுப்பி அறிக்கையை மட்டும் வாங்குகிறார்களா? இரண்டாவதற்கு ஆசிரியர் மழுப்பினால், விருப்பப் பட்டியலில் அந்தக் கல்லூரியைக் கீழே தள்ளுங்கள். கேள்வியை உங்கள் மகளே கேட்கட்டும்.