முழங்கால் தேய்மானமும் வீடியோ பிசியோதெரபியும்: வாசகர் கேள்வி – பதில்

அம்மாவுக்கு 64 வயது. இரண்டு முட்டியிலும் தேய்மானம். மும்பை மாட்டுங்காவில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் இருக்கிறோம். பிசியோதெரபிக்குப் போய் வந்தாலே வலி கூடிவிடுகிறது. வீடியோ காலில், தொடாமல் என்ன வைத்தியம் பார்க்க முடியும்? அங்கே கரன்ட் வைப்பார்களே?
– வாசகி, மாட்டுங்கா

தேய்மானத்துக்கு முதன்மையான வைத்தியம் உடற்பயிற்சிதான். எடை கூடியிருந்தால் அதைக் குறைப்பதும் சேர்த்தி. வலி குறைய வைக்கும் கரன்ட் தொடைத் தசைக்கு வலுவூட்டாது. அது இல்லாமல் போவதால் அம்மாவுக்கு நஷ்டமில்லை. ஆஸ்திரேலியாவில் 394 பேரிடம் நடந்து, 2024-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், மூன்று மாதங்களில் ஐந்து முறை வீடியோவில் பிசியோதெரபிஸ்டைப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த பலன், நேரில் பார்த்தவர்களுக்குக் கிடைத்ததற்குக் குறைவாக இல்லை.

படி ஏறும்போது வலி குறைந்த கால் முதலில். இறங்கும்போது வலி கூடிய கால் முதலில். ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும்.

முதல் வீடியோ சந்திப்புக்கு என்னென்ன தயார் செய்ய வேண்டும்?
– வாசகர், முலுண்ட்

பலருக்கும் சொதப்புவது இங்கேதான். போனைக் கையில் பிடித்தால் முகம்தான் தெரியும், முட்டி தெரியாது. ஸ்டூல் மேல் முட்டி உயரத்தில் சாய்த்து வைத்து, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள். சின்ன அறையானால் கதவைத் திறந்து நடைபாதையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஜன்னல் உங்களுக்குப் பின்னால் இருந்தால் படம் இருட்டடிக்கும். வெளிச்சம் முன்னாலிருந்து வரட்டும். புடவை, நைட்டி, வேட்டி வேண்டாம். முட்டிக்கு மேல் சுருட்டிவிடக்கூடிய பைஜாமா போதும்.

கைப்பிடி இல்லாத, சுமார் 45 செ.மீ. உயர நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்கிறீர்கள் என்று எண்ணச் சொல்வார்கள். அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். ஆறு வாரம் கழித்து முன்னேற்றத்தைக் காட்டுவது அதுதான். எக்ஸ்ரேயை அப்படிச் சொல்ல முடியாது. படத்தில் தேய்மானம் அதிகமிருந்தும் வலி குறைவாக இருப்பவர்கள் உண்டு.

இரண்டு வாரமாகப் பயிற்சி செய்கிறேன், வலி கூடியிருக்கிறது. நிறுத்திவிடவா?
– வாசகி, செம்பூர்

உடனே நிறுத்த வேண்டாம், அளவைப் பாருங்கள். பத்துக்கு ஐந்து வரை வலி வந்து, மறுநாளைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் கவலையில்லை. அதற்கு மேல் போனாலோ, மறுநாளும் வீக்கம் நின்றாலோ எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். பயிற்சியை அடியோடு விட்டால் தொடைத் தசை இளைக்கும். முட்டியின் மேல் பாரம் இன்னும் கூடும்.

செய்முறையையும் சரிபாருங்கள். படுத்துக்கொண்டு காலை நேராகத் தூக்கும்போது முட்டி மடங்கினால் தொடைக்கு வேலை போகவில்லை. முதலில் தொடையை இறுக்கி, முட்டியின் பின்பக்கத்தைப் படுக்கையில் அழுத்திவிட்டு ஓரடி மட்டும் தூக்கி, ஐந்து விநாடி நிறுத்துங்கள். நாற்காலியிலிருந்து எழும்போது முட்டிகள் உள்பக்கம் சாய்வது இன்னொரு தவறு. முட்டி இரண்டாம் கால்விரலுக்கு நேராக இருக்க வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி இறங்குங்கள். பத்து பத்தாக மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள். அது சுலபமானதும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டும் பயிற்சிக்கு அரை கிலோ பருப்பைத் துணிப்பையில் போட்டுக் கணுக்காலில் கட்டலாம். சுலபமான பிறகும் பாரத்தைக் கூட்டாமல் மாதக்கணக்கில் அதையே செய்பவர்கள்தான் 'பிசியோ பலிக்கவில்லை' என்று மனம் விட்டுப்போகிறார்கள்.

இரவெல்லாம் முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்காதீர்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் நாளடைவில் கால் முழுதாக நீளாமல் போய்விடும்.

அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். சென்னையில் இருப்பவரிடம் வீடியோவில் பார்க்கலாமா?
– வாசகர், தாராவி

தாராளமாக. வலி குத்துகிறதா, இழுக்கிறதா, பிடிக்கிறதா என்று சொந்த மொழியில் சொல்ல முடிவது பெரிய உதவி. பி.பி.டி. அல்லது எம்.பி.டி. (பிசியோதெரபி பட்டங்கள்) படித்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தடுமாறுபவரானால் பயிற்சியின்போது ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். முட்டி சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால், கெண்டைக்கால் திடீரென வீங்கினால், கீழே விழுந்தபின் கால் ஊன்ற முடியாவிட்டால், முட்டி நீட்டவோ மடக்கவோ முடியாமல் பூட்டிக்கொண்டால் வீடியோவுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் நேரில் காட்டுங்கள்.