வாசகர் கேள்வி பதில்: ஆலோசக ஆசிரியர் அழைத்தால் பிள்ளை தப்பு செய்தது என்று அர்த்தமா?

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகளின் மனக்குறைகளைக் கேட்டு வழிகாட்டும் ஆலோசக ஆசிரியர்களைப் பற்றி வந்த கடிதங்களில் நான்குக்கு இம்மாதம் பதில் தருகிறோம்.

மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகனை ஆலோசக ஆசிரியர் இரண்டு முறை அறைக்கு அழைத்திருக்கிறார். அப்படி என்ன தப்பு செய்தான்?
— வாசகி, செந்தூல்

தப்பு செய்திருக்க வேண்டியதில்லை அம்மா. தண்டிப்பது கட்டொழுங்கு ஆசிரியரின் வேலை. அந்தப் பொறுப்பையும் ஆலோசக ஆசிரியர் தலையில் கட்டினால் பிள்ளைகள் அவரிடம் வாய் திறக்கமாட்டார்கள். நண்பனோடு சண்டை, வீட்டில் ஒரு மரணம், ஓய்வு நேரத்தில் தனியே உட்கார்ந்திருப்பது என்று வகுப்பாசிரியர் கவனித்த ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம். இந்த வயதுப் பிள்ளையோடு ஒரு சந்திப்பு 20 முதல் 30 நிமிடம்தான். படம் வரைவது, பொம்மை, உணர்ச்சிகளைக் காட்டும் முக அட்டைகள் இவற்றை வைத்துத்தான் பேச்சே நடக்கும். அதனால் மகன் “சும்மா விளையாடினேன்” என்று சொன்னால் கவலைப்படாதீர்கள். நேரம் கேட்டு நேரில் போய்ப் பாருங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டால் பாதிதான் புரியும்.

இரண்டாம் ஆண்டு மகளுக்குப் பள்ளி நாளில் காலையில் வயிற்று வலி. சனி, ஞாயிறில் வலியே இல்லை. நடிக்கிறாள் என்கிறார் என் கணவர்.
— வாசகி, பட்டர்வொர்த்

நடிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். பயம் சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றைத்தான் பிடிக்கும், வலியும் உண்மையானது. ஆனாலும் முதலில் கிளினிக்கில் காட்டிவிடுங்கள். இரவில் வலியால் எழுந்தாலோ, காய்ச்சல், வாந்தி, எடைக் குறைவு இருந்தாலோ தள்ளிப்போட வேண்டாம்.

மருத்துவர் ஒன்றுமில்லை என்றால் அன்றே ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். “ஏன் பயம்?” என்று நேராகக் கேட்டால் ஏழு, எட்டு வயதில் பதில் வராது. பள்ளியின் படத்தை வரையச் சொல்லி, பிடித்த இடத்துக்குப் பச்சை, பிடிக்காத இடத்துக்குச் சிவப்பு தீட்டச் சொல்வது நல்ல வழி. கழிப்பறை சிவப்பாகலாம், பள்ளி வேன் சிவப்பாகலாம், எழுந்து நின்று வாசிக்க வேண்டிய வகுப்பும் சிவப்பாகலாம். சில பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு குறையும் இருக்காது. தான் இல்லாத நேரத்தில் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான். வீட்டில் நோயோ சண்டையோ இருந்தால் அதை மறைக்காமல் ஆலோசக ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

காரணம் தெரியும்வரை காத்திருக்காமல் அவளை அனுப்பிக்கொண்டே இருங்கள். மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே கொண்டுபோய் ஆலோசக ஆசிரியர் கையில் ஒப்படைத்துவிட்டு, ஒரே முறை டாட்டா சொல்லித் திரும்பிவிடுங்கள். அவர் வகுப்புக்கு அழைத்துப்போவார். இரண்டாம் வாரம் ஐந்து நிமிடம் முன்பு போனால் போதும், பிறகு வாசலில் ஒரு வணக்கம் போதும்.

இது கெடுவது மூன்று இடங்களில். வீட்டில் தங்கவிட்டுக் கைப்பேசியைக் கொடுத்தால், வலித்தால் நிம்மதி கிடைக்கும் என்று உடல் பழகிக்கொள்ளும், அடுத்த நாள் வலி கூடும். அம்மா வேலியோரம் நின்றால் பிள்ளையின் கண் கரும்பலகைக்குப் போகாது. மூன்றாவது தவறு பள்ளியுடையது: நேரக்கணக்கு வைக்காவிட்டால் ஆலோசக அறையே ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடும். இரண்டு, மூன்று வாரத்தில் மாற்றமே தெரியாவிட்டால் நிபுணரிடம் அனுப்பக் கடிதம் கேளுங்கள்.

மகள் சொன்னதை ஆலோசக ஆசிரியர் எனக்குச் சொல்ல மறுக்கிறார். பெற்ற தகப்பனுக்கு உரிமை இல்லையா?
— வாசகர், ஜெலுத்தோங்

உங்கள் வருத்தம் நியாயமானது ஐயா. ஆனால் சொன்னதெல்லாம் வீட்டுக்குப் போகும் என்று தெரிந்தால் மகள் அடுத்த முறை பேசமாட்டாள். பிள்ளை தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலை, அடி, பாலியல் தொல்லை என்றால் அவர் இரகசியம் காக்கக்கூடாது, உரியவர்களிடம் சொல்லியே ஆகவேண்டும். மற்றபடி “என்ன சொன்னாள்?” என்பதை விட்டு, “வீட்டில் நாங்கள் எதை மாற்ற வேண்டும்?” என்று கேளுங்கள். அதற்கு அவர் பதில் சொல்வார். மகளைத் துருவாதீர்கள்.

எங்கள் பள்ளி சிறியது, முழுநேர ஆலோசக ஆசிரியர் இல்லை. பகடிவதை நடந்தால் யாரிடம் போவது?
— பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர், நிபோங் திபால்

மாணவர் எண்ணிக்கை குறைந்த தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் குறை இது. பாடம் நடத்தும் ஆசிரியரே இதையும் சுமப்பார், அவருக்கு நேரம் இருக்காது. தேதி, இடம், நடந்தது, பார்த்தவர் என்று எழுதி, மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துப் பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். வாய்ச்சொல்லாகப் போன புகார் காணாமல் போய்விடும். அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கை குலுக்கச் சொல்வதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அடிபட்ட பிள்ளை அங்கே உண்மை பேசாது. பள்ளியில் அசைவு இல்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்தின் ஆலோசகப் பிரிவுக்கு எழுதுங்கள். துன்புறுத்தல் என்றால் தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசு உதவித் தொலைபேசி எண் 15999-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம். காசு கொடுத்து வெளி ஆலோசகரிடம் போவதானால், 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று பதிவு எண்ணைக் கேட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.