ரிப்போர்ட் எல்லாம் நார்மல், எழுந்து நிற்கத்தான் தெம்பில்லை

கேள்வி: எனக்கு வயது 42. தனியார் பள்ளியில் ஆசிரியை. இரண்டு வருடமாக ஓயாத அசதி. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. நாக்கு எரிகிறது, காரம் வாயில் வைக்க முடியவில்லை. உள்ளங்காலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. வகுப்பில் பிள்ளைகளின் பெயர் சட்டென்று வராமல் திணறுகிறேன். நான்கு டாக்டர்களைப் பார்த்தாயிற்று, மாஸ்டர் செக்கப் இரண்டு முறை செய்தாயிற்று. "எல்லாம் நார்மல், டென்ஷன்தான்" என்கிறார்கள். வீட்டில் சோம்பேறி என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். நான்கு வருடமாக சுகருக்கு மெட்ஃபார்மின், மூன்று வருடமாகக் காலையில் கேஸ் மாத்திரை, ஒரு வருடமாக முடிக்கு பயோட்டின் சாப்பிடுகிறேன். நாங்கள் சுத்த சைவம். ரிப்போர்ட்டுகளை இணைத்திருக்கிறேன். இன்னொன்று, எழுதவே கூச்சமாக இருக்கிறது: அரிசி களையும்போது ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டு மெல்லாமல் இருக்க முடியவில்லை. எனக்கு என்னதான் டாக்டர்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி மாவட்டம்)

பதில்: கடைசியில் கூச்சத்தோடு எழுதினீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி அதுதான். உடம்பில் இரும்புச்சத்து வற்றும்போது சிலருக்கு இப்படி ஓர் ஆசை வரும். பச்சரிசி, சாம்பல், சிலேட்டுக்குச்சி, ஃப்ரிட்ஜில் இருக்கும் ஐஸ்கட்டி என்று ஆளுக்கு ஒன்று. கர்ப்பிணிகளிடம் இதைப் பார்த்தால் நம் பாட்டிமார் மசக்கை என்று விட்டுவிடுவார்கள். நான்கு டாக்டர்களில் ஒருவரிடமும் இதை நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள். அவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள். ஓ.பி.யில் ஓர் ஆளுக்கு நான்கு நிமிடம் ஒதுக்கும் எங்கள் பிழைப்பு அப்படி.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஹீமோகுளோபின் 11.4. உங்கள் லேப் அச்சடித்திருக்கும் வரம்பு 11இல் தொடங்குவதால் அதற்கு நட்சத்திரக் குறி எதுவும் விழவில்லை. ஆனால் கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். "நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்கு இது சகஜம்மா" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சகஜம்தான். 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம். பாதிப் பேருக்கு இருக்கிறது என்பதால் அது நோய் இல்லை என்று ஆகிவிடாது.

அந்த 11.4க்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கின்றன. சிவப்பணுவின் சராசரிப் பருமன் 84. இது நார்மல். அடுத்தது சிவப்பணுக்களின் பருமன் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டும் எண். ஏறக்குறைய 14.5க்குள் இருக்க வேண்டியது, உங்களுக்கு 18. எனக்கு உறுத்தியது இந்த எண்தான். இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுத்துப் போகும். வைட்டமின் பி12 குறைந்தால் பெருத்துப் போகும். இரண்டும் ஒரே ஆளுக்குக் குறைந்தால்? பாதி சிறுசு, பாதி பெருசு. சராசரி எடுத்தால் ஒன்றையொன்று ஈடுகட்டி அழகாக நார்மல் என்று வந்து நிற்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளையும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் நிற்கவைத்துச் சராசரி உயரம் எடுத்த கதைதான். டீச்சருக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

பி12 ஏன் குறைய வேண்டும்? உங்களிடம் ஒன்றல்ல, மூன்று காரணங்கள் இருக்கின்றன. செடிகொடிகளில் பி12 கிடையாது. முருங்கைக்கீரையில் எத்தனையோ சத்து உண்டு, இது இல்லை. பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடப்பதாக வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி இருக்காதீர்கள். சைவர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. அப்புறம், சாப்பாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் பி12ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். அந்த அமிலத்தைத்தான் உங்கள் கேஸ் மாத்திரை மூன்று வருடமாக அடக்கி வைத்திருக்கிறது. இரும்பு உடம்பில் சேரவும் அதே அமிலம் வேண்டும். தப்பிப் பிழைத்த பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட வேண்டும். மெட்ஃபார்மின் அங்கே கை வைக்கிறது. கல்லீரலில் பி12 சில வருடங்களுக்குச் சேமிப்பு இருக்கும். அதனால் இந்தக் கணக்கு உடனே தெரியாது. மூன்று நான்கு வருடம் கழித்துத்தான் கையிருப்பு காலியாகும். உங்களுக்கு ஏறக்குறைய அந்தக் காலம்தான் ஆகிறது.

நாக்கு எரிச்சல், மறதி, உள்ளங்கால் எறும்பு எல்லாம் இதோடு பொருந்துகின்றன. கால் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். சுகர் இருக்கிறவர் காலில் எரிகிறது, மரத்துப்போகிறது என்றால் "சுகர் நரம்பு" என்று முத்திரை குத்திவிடுவது எங்களுக்கு வழக்கம். நானும் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு தையல்காரர் வந்தார். சுகர்காரர். காலுக்கு நரம்பு மாத்திரை எழுதி எழுதி ஆறு மாதம் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவராகவே சொன்னார்: "சார், மிஷின் பெடல்ல கால் இருக்கா இல்லையான்னு குனிஞ்சு பார்த்தாத்தான் தெரியுது." அன்றைக்குத்தான் பி12 பார்த்தேன். மிக மோசமாகக் குறைந்திருந்தது. ஊசி போட்டதில் நடை தேறியது. ஆனால் விரல் நுனி மரமரப்பு முழுதாகப் போகவே இல்லை. அந்த ஆறு மாதம் இன்னும் என் கணக்கில்தான் இருக்கிறது.

அதனால் உங்களிடம் ஒரு கேள்வி. வாஷ்பேசினில் சோப்புப் போட்டு முகம் கழுவக் கண்ணை மூடுகிறீர்களே, அப்போது தள்ளாடுகிறதா? இருட்டில் நடக்கக் கால் தடுமாறுகிறதா? ஆமாம் என்றால் அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள். அடுத்துப் பார்க்கும் டாக்டரிடம் கால் கட்டைவிரலில் அதிர்வு தெரிகிறதா என்று இசைக்கவை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காசு செலவில்லாத பரிசோதனை. பெரும்பாலான மாஸ்டர் செக்கப்பில் அது இருக்காது.

"பி12 பார்த்தாயிற்றே, 280, நார்மல் என்று போட்டிருக்கிறதே" என்பீர்கள். 200க்குக் கீழே குறைபாடு, 200க்கும் 300க்கும் நடுவே சந்தேகம் என்றே நாங்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். அந்தச் சந்தேகத்துக்கு மெத்தில்மலோனிக் அமிலம் என்றொரு ரத்தப் பரிசோதனை உண்டு. கொஞ்சம் விலை அதிகம். கிடைக்காத ஊரில் ஹோமோசிஸ்டீன் பார்க்கலாம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் அந்த 280ஐயே நான் நம்பவில்லை. காரணம் முடிக்குச் சாப்பிடும் அந்த பயோட்டின்.

ஒரு நாளைக்கு நமக்குத் தேவையான பயோட்டின் 30 மைக்ரோகிராம். உங்கள் மாத்திரையில் 10 மில்லிகிராம். முந்நூறு மடங்குக்கும் மேல். உடம்புக்கு அது பெரிய கெடுதல் செய்யாது. கெடுவது லேப் ரிப்போர்ட். பல லேப் கருவிகள் ரத்தத்தில் உள்ள ஹார்மோனையும் வைட்டமினையும் அளக்க பயோட்டினையே ஒரு பசைபோலப் பயன்படுத்துகின்றன. ரத்தத்திலேயே பயோட்டின் மிதந்தால் கருவி ஏமாந்துவிடும். இந்த வகைக் கருவிகளில், தைராய்டுக்குப் பார்க்கும் டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகவும், பி12 உண்மையைவிட அதிகமாகவும் காட்டக்கூடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இலேயே இதைப்பற்றி எச்சரித்தது. அதாவது உங்கள் டி.எஸ்.எச். 3.1 என்பது உண்மையில் 8 ஆகக்கூட இருக்கலாம், பி12 இன்னும் கீழே இருக்கலாம். இருக்கிறது என்று சொல்லவில்லை. இரண்டையும் பயோட்டின் இல்லாமல் மறுபடி பார்க்காதவரை அந்தத் தாள்களை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம் கழித்து ரத்தம் கொடுங்கள். முடி கொட்டுவதற்கு பயோட்டின் குறைபாடு காரணமாக இருப்பது மிக அபூர்வம். மருந்துக் கடைக்காரர் கொடுத்தார் என்று எழுதியிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

ஆக, பார்க்க வேண்டியவை: இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, டி.எஸ்.எச்., சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின், கால்சியம், சுகருக்கு மூன்று மாதச் சராசரி. இரும்பு குறைந்திருந்தால் அந்த மூன்று மாதச் சராசரி சற்றுக் கூடுதலாகக் காட்டும் என்பதையும் உங்கள் சுகர் டாக்டர் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்தால், ஹீமோகுளோபின் என்ன சொன்னாலும், இரும்புக் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். காய்ச்சல், சளி இருக்கும்போது பார்க்காதீர்கள். அப்போது அது பொய்யாக ஏறி நிற்கும். நூற்றிச் சொச்சம் பரிசோதனை அடங்கிய பேக்கேஜ் மறுபடி வேண்டாம்.

இரும்பு குறைந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் வேலை பாதிதான் முடிந்தது. எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். மாதவிடாய் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஏழு நாளுக்கு மேல் போகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, இரவில் எழுந்து நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? 42 வயதில் கர்ப்பப்பைக் கட்டி இருப்பது சாதாரணம். ஒரு ஸ்கேன் போதும். அங்கே ஒன்றும் இல்லை என்றால் வயிறு, குடல் பக்கம் தேட வேண்டும்.

சிகிச்சையில் ஒரு முன்பின் இருக்கிறது. பி12 குறைவு இருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாகச் சாப்பிடக்கூடாது. 1940களில் ஃபோலிக் அமிலம் புதிதாக வந்தபோது பி12 குறைபாட்டுக்காரர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் தேறியது, நரம்பு மேலும் கெட்டது. நரம்பில் தொந்தரவு இருப்பதால் உங்களுக்கு பி12 தேவைப்பட்டால் ஊசியில் தொடங்குவதுதான் நல்லது. இரும்பு மாத்திரையைத் தினமும் இரண்டு மூன்று என்று விழுங்க வேண்டியதில்லை. ஒரு வேளை போட்டதும் குடல் அடுத்த ஒரு நாளுக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் இன்னும் நன்றாகச் சேரும், வயிற்றுக் குமட்டலும் குறையும். டீ, காபி, பால் எல்லாம் அதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் வேண்டாம். எலுமிச்சைச் சாறோடு போடலாம். மலம் கறுத்துப் போகும், பயப்படாதீர்கள். மாத்திரை தொடங்கும் முன்பே கறுப்பாகப் போயிருந்தால் மட்டும் அது வேறு விஷயம், உடனே காட்ட வேண்டும்.

மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தக்கூடாது. நல்ல மருந்து அது, பி12ஐக் கவனித்துக்கொண்டால் போதும். கேஸ் மாத்திரை மூன்று வருடம் தேவைதானா என்று எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள். திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட வேகமாகப் பொங்கும், மெல்லக் குறைக்க வேண்டும். தெம்புக்கு என்று குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொள்வதை விடுங்கள். அதில் இருப்பது தண்ணீரும் சர்க்கரையும். அந்தச் சர்க்கரை உங்களுக்கு வேறு ஆகாது.

டென்ஷன் காரணமாக இருக்கவே முடியாதா? இருக்கலாம். மனச்சோர்வு நிஜமான அசதியைக் கொடுக்கும், அதற்கும் மருந்து உண்டு. ஆனால் மற்றதைப் பார்க்காமல் அதைச் சொன்னால் அது நோய் கண்டறிதல் ஆகாது, கதவைச் சாத்துவது. தூக்கத்தில் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தால் எட்டு மணி நேரத் தூக்கம் கணக்கிலேயே வராது. இவை எல்லாம் சரியாக இருந்தும், ஒருநாள் கொஞ்சம் அதிகம் வேலை செய்தால் அடுத்த இரண்டு நாள் படுத்துவிடும் அளவு அசதி ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் நீடித்த களைப்பு நோய் என்ற ஒன்று உண்டு. அதைக் காட்டித்தரும் ரத்தப் பரிசோதனை கிடையாது. உங்கள் கதை அந்தப் பக்கம் போவதாக எனக்குத் தோன்றவில்லை. எடை தானாக இறங்குவது, மாலைக் காய்ச்சல், ராத்திரி வியர்த்து நனைவது, கழுத்தில் கட்டி, இதில் எது இருந்தாலும் எழுதிக் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே டாக்டரிடம் போங்கள். நெஞ்சுவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எனக்கு எழுதிய கடிதத்தையே கையில் கொடுத்துவிடுங்கள், அந்தக் கடைசி வரியையும் சேர்த்து.

நான் நினைப்பது சரி என்றால், ஊசியும் மாத்திரையும் தொடங்கிச் சில வாரத்தில் நாக்கு ஆறும். ஒரு மாதத்தில் மாடி ஏறுவது கொஞ்சம் எளிதாகும். கால் எறும்பு அடங்கப் பல மாதம் ஆகலாம். முடிக்கும் ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். ஆனால் அந்தப் பச்சரிசி ஆசை, இரும்பு உள்ளே போகத் தொடங்கிய ஓரிரு வாரத்திலேயே பலருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். உங்களுக்கும் போனால் ஒரு வரி எழுதுங்கள்.